முகப்பருவுக்குப் பத்தியம் தேவையா?

தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு நெற்றியிலும் கன்னங்களிலும் பரு நிறைந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார், நிலக்கடலை, முட்டை, மாம்பழம், கத்தரிக்காய், எண்ணெயில் பொரித்தது எல்லாவற்றையும் பேத்தியின் தட்டிலிருந்து நீக்கிவிட்டார். ஆனாலும் பரு குறையவில்லை. கேட்டவருக்கும் நாற்பது வயதைக் கடந்த பிறகு மூக்கும் கன்னமும் அடிக்கடி சிவந்து எரிகின்றன. காபியையும் காரத்தையும் விட்டுவிட வேண்டுமா என்று அறிய விரும்புகிறார். கணவரின் தம்பிக்கு சொரியாசிஸ். கோதுமையை நிறுத்தினால் குணமாகிவிடும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உணவுக்கும் தோலுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்பதே அவர் கேட்பதன் சாரம்.

தொடர்பு உண்டு. ஆனால் அது எல்லாத் தோல் நோய்களுக்கும் ஒரே மாதிரியானதன்று. ஒரு நோய்க்கு உணவு மாற்றமே முதன்மையான சிகிச்சை; இன்னொன்றுக்கு உணவு சிறிய தூண்டுதல் மட்டுமே; வேறொன்றுக்கு உணவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே எதை நிறுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால், வந்திருப்பது எந்த நோய் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தில்லியில் தோல் மருத்துவராகப் பணிபுரிகிறவள் என்ற முறையில் நான் மிகவும் வருந்துவது, இந்த வரிசை நம் வீடுகளில் தலைகீழாக நடப்பதைக் கண்டுதான்: நோயின் பெயர் தெரிவதற்குள் பெண்ணின் தட்டு காலியாகிவிடுகிறது.

முதலில் மகளின் பருவைப் பார்ப்போம். பதின்ம வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் பெருகும்போது (இவை பெண்களுக்கும் சுரப்பவைதாம்) தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகி, சீபம் என்னும் கொழுப்பை மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. அந்த அடைப்புக்குள் ஒரு வகை பாக்டீரியா பெருகி அழற்சி ஏற்படும்போது சிவந்த பருவும் சீழ்க்கட்டியும் தோன்றுகின்றன. சாப்பிட்ட எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வழிவதில்லை. உணவு இதில் நுழைவது வேறு வழியாக: இரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலின் ஏறுகிறது, இன்சுலினைத் தொடர்ந்து ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியின் செயல்பாடு கூடுகிறது; இவ்விரண்டும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுவதோடு, இரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் ஆண்ட்ரோஜனின் அளவையும் கூட்டுகின்றன. பிறவியிலேயே ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவாக உள்ள லாரன் நோய்க்குறி கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் பரு வருவதில்லை என்பதும், அவர்களில் சிலருக்கு அந்தக் காரணியை மருந்தாகச் செலுத்தியபோது பரு வந்தது என்பதும் இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

இவ்வளவு தெளிவான வழி இருக்கும்போது, "உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை" என்று மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்தது ஏன் என்ற கேள்வி எழும். அதற்கு 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பெரிய காரணம். பருவுள்ள 65 பேருக்குச் சில வாரங்கள் சாக்லேட் கொடுத்தும், சில வாரங்கள் சாக்லேட்டைப் போலவே தோற்றமளிக்கும், கோகோ இல்லாத வேறொரு மிட்டாயைக் கொடுத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் பரு ஒரே அளவில் இருந்தது. ஆகவே உணவு குற்றவாளியன்று என்ற முடிவு பாடநூல்களில் ஏறிக்கொண்டது. ஆனால் அந்தப் போலி மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. அந்த ஆய்வு ஏதேனும் காட்டியதென்றால், கோகோ தனியாகப் பருவைக் கூட்டவில்லை என்பதை மட்டுமே காட்டியது. சர்க்கரையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஓர் ஆய்வின் ஒப்பீட்டுப் பொருள் சரியில்லை என்றால் அதன் முடிவு முப்பது ஆண்டுகள் எத்தனை பேரைத் தவறான திசையில் நிறுத்திவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி மறுபடி உயிர்பெற்றது 2002இல். பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவா என்ற தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒருவருக்குக்கூடப் பரு காணப்படவில்லை. அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். அவர்கள் உண்டது கிழங்கு, பழம், மீன், தேங்காய். தேங்காயைச் சந்தேகிக்கும் பாட்டிமார்களுக்கு இந்தக் கடைசிப் பொருளை நான் குறிப்பாக எடுத்துச் சொல்வதுண்டு. ஆயினும் தீவு மக்களின் மரபணு, உழைப்பு, வெயில் எல்லாமே வேறு என்பதால், இதை மட்டும் வைத்து உணவுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அதற்குச் சோதனை தேவைப்பட்டது. 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பருவுள்ள 43 இளைஞர்களில் ஒரு பாதியினருக்கு 12 வாரம் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவைக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 24 பருக்கள் குறைந்தன, வழக்கமான உணவை உண்ட மறுபாதியினருக்கு 12 குறைந்தன. 2012இல் கொரியாவில் 32 பேரிடம் 10 வாரம் நடந்த ஆய்வில், அப்படிப்பட்ட உணவை உண்டவர்களின் தோலைச் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது எண்ணெய்ச் சுரப்பியே சுருங்கியிருந்தது.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். உணவை மாற்றாதவர்களுக்கும் 12 பருக்கள் குறைந்திருக்கின்றன என்பதையும், உணவை மாற்றியவர்களுக்கு உடல் எடையும் குறைந்ததால் பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆய்வுகள் சிறியவை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட பரு சிகிச்சை வழிகாட்டுதலும், எந்த உணவு முறையையும் உறுதியாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே சொல்கிறது. என் கணிப்பில், உணவு மாற்றம் பருவுக்கு ஒரு நல்ல துணை. பூசும் மருந்துக்கு அது ஈடாகாது.

சரி, சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவு நம் வீட்டில் எது? மாமியார் நீக்கிய பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் அல்ல. நிலக்கடலையும் முட்டையும் சர்க்கரையை ஏற்றுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். உங்கள் மகளின் வயதில் இங்கே படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எனக்குக் கிடைக்கும் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்: காலையில் சாக்லேட் பொடி கலந்த ஒரு தம்ளர் பால், ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி, பள்ளி கேண்டீனில் பிரெட் பக்கோடாவும் டப்பா ஜூஸும், மாலையில் கோச்சிங் வகுப்புக்குப் போகும் வழியில் மைதா மோமோவும் குளிர்பானமும், இரவு படிக்கும்போது பிஸ்கட் பொட்டலம். மதியம் வீட்டில் சாப்பிடும் சாம்பார் சாதம்தான் அந்த நாளின் ஒரே ஒழுங்கான உணவு. நாம் சந்தேகப்படுவதோ அதிலுள்ள கத்தரிக்காயை.

இனிப்பூட்டிய பானங்களும் மைதாப் பண்டங்களும் பிஸ்கட்டும் முதலில் குறைய வேண்டியவை. வெள்ளைப் பச்சரிசிச் சாதமும் இட்லியும் சர்க்கரையை ஓரளவு வேகமாகவே ஏற்றுகின்றன என்பது உண்மை. ஆனால் நாம் அவற்றைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. பருப்பும் காய்கறியும் சேரும்போது அந்த வேகம் தணிகிறது. ஆகவே சாதத்தை விலக்க வேண்டாம். சாதத்தின் அளவில் ஒரு கரண்டியைக் குறைத்து, கூட்டையோ பொரியலையோ சுண்டலையோ ஒரு கரண்டி கூட்டினால் போதும். ராகி நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கால்சியத்துக்கு அது மிக நல்லதுதான். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் நைசாக அரைத்த ராகி மாவைக் கரைத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவாகாது. அதே மாவை அடையாகவோ, களியாக்கிக் கீரைக் குழம்போடோ சாப்பிடுவது மேல்.

பால் பற்றியும் கேட்பீர்கள். 2005இல் அமெரிக்கச் செவிலியர் 47,000க்கும் மேற்பட்டவர்களிடம், பள்ளிப் பருவத்தில் என்ன சாப்பிட்டார்கள், பரு இருந்ததா என்று கேட்டுத் தொகுத்தபோது, பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்றே அதிகமாக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் அந்தத் தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்து 78,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தபோதும் பால் குடிப்பவர்களுக்குப் பருவின் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. இவையெல்லாம் கேட்டறிந்த தரவுகள். பாலை நிறுத்தினால் பரு குறையுமா என்று நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு இல்லை. பால் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்-1ஐயும் உயர்த்துகிறது என்பதால் இந்தத் தொடர்பு நம்பக்கூடியதுதான். எனவே மகள் நாளுக்கு மூன்று தம்ளர் பால் குடிக்கிறவளாக இருந்தால் ஒன்றாகக் குறைத்து, மூன்று மாதம் பார்க்கலாம். மோரையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். பாலை முழுக்க விலக்குவதாக இருந்தால் ராகி, எள், கீரை, நெத்திலி வழியாகக் கால்சியத்தை ஈடுகட்டாமல் செய்யவே கூடாது. மெலிய வேண்டும் என்று ஆடை நீக்கிய பாலுக்கு மாறியிருந்தால், பருவைப் பொறுத்தவரை அதில் இலாபம் இல்லை.

பாலைவிட எனக்குக் கவலை தருவது, ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி. முதுகிலும் தோளிலும் திடீரென்று பெரிய பருக்களோடு வரும் இளைஞனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றியதாகவே இருக்கிறது. இன்னொன்றும் நம் சைவக் குடும்பங்களில் நடக்கிறது. பி12 குறைவு என்று தெரிந்ததும் ஊசி போடுகிறார்கள். சிலருக்குச் சில வாரங்களில் ஒரே மாதிரியான சிறு சிறு பருக்கள் முகத்திலும் மார்பிலும் கிளம்புகின்றன. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, பி12 மிகுந்தால் தோலிலுள்ள பரு பாக்டீரியா அழற்சியைத் தூண்டும் பொருளை அதிகம் உற்பத்தி செய்வதாகக் காட்டியது. அதற்காகக் குறைவுள்ளவர் பி12ஐ நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் குறைவு நரம்பைப் பாதிக்கும், விரல் முட்டிகளைக் கறுக்கச் செய்யும். அளவையும் வடிவத்தையும் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாமியாரின் பட்டியலை அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாங்காய்க் காம்பில் வடியும் பால் உதட்டோரத்தில் பட்டால் பலருக்குப் புண்ணும் கொப்புளமும் வரும்; அது உண்மையான ஒவ்வாமை, மாம்பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிட்டால் பெரும்பாலும் வராது. மாம்பழக் காலத்தில் வரும் சூட்டுக் கட்டி என்பது வியர்வையிலும் வெக்கையிலும் பெருகும் பாக்டீரியாத் தொற்று; பழம் அந்தப் பருவத்தில் உடன் இருந்ததால் பழி சுமந்தது. கத்தரிக்காயும் வேறு சிலவும் கரப்பான் பண்டம் என்று நம் வைத்திய மரபில் விலக்கப்பட்டது அரிப்பும் நீர்க்கசிவும் உள்ள கரப்பானுக்குத்தான். பருவுக்கு அந்த விலக்கைக் கொண்டுவந்தது பின்னாளைய குழப்பம் என்று நினைக்கிறேன். கத்தரிக்காயினால் பரு வரும் என்பதற்குச் சான்று இல்லை.

ஆனால் முட்டையையும் நிலக்கடலையையும் நிறுத்தியதை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதப்போகும், மாதவிலக்கு வருகிற ஒரு பெண்ணிடமிருந்து புரதத்தைப் பறிப்பது, அவளுக்கு வராத நோய்க்கு வைத்தியம் செய்வதாகும். அதைவிடவும் என்னைத் துன்புறுத்துவது வேறொன்று. "நீ கண்டதைத் தின்றாய், அதனால் வந்தது" என்ற சொல்லை, பருவோடு வரும் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பரு பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து தருவது. ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் அக்காவுக்கு முகம் தெளிவாகவும் தங்கைக்குப் பருவாகவும் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள் மீது குற்றம் சுமத்தாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பருவோடு கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தாலோ, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனாலோ, மோவாயில் ரோமம் வளர்ந்தாலோ, அது இன்சுலின் எதிர்ப்பையோ பிசிஓஎஸ் என்னும் சினைப்பைக் கோளாறையோ குறிக்கலாம். கழுத்துக் கறுப்பை அழுக்கென்று நினைத்து நாரால் தேய்க்கும் தாய்மார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த நிலையில் உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் சிகிச்சையின் மையம். பின்னாளில் வரக்கூடிய நீரிழிவையும் அவை தள்ளிப்போடும்.

உணவைக் குறைப்பதன் ஆபத்து பற்றி இன்னும் ஒரு சொல். தோல் கெடுவதற்கு ஊட்டக் குறைவு காரணமாவதை நம் நாட்டில் நுணுகி ஆராய்ந்தவர்களில் ஒருவர், சேலத்தில் பிறந்த சி. கோபாலன், பின்னாளில் தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்து, 1980இல் இங்கேயே இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவியவர். தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவாக உண்ட ஏழைகளுக்கு, வெயில் படும் கை, கால், கழுத்துப் பகுதிகளில் தோல் கறுத்து வெடிக்கும் பெல்லாக்ரா நோய் வருவதைக் கண்டு, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலத்துக்கு அதில் பங்கிருக்கலாம் என்று 1960இல் அவரும் உடன் ஆய்வுசெய்த ஸ்ரீகாந்தியாவும் முன்வைத்தார்கள். நயாசின் என்னும் வைட்டமின் போதாமல் போவதே அந்த நோயின் அடிப்படை. பலவகை உணவு கிடைக்காததால் அவர்களுக்கு வந்த குறைவை, பத்தியம் என்ற பெயரில் நாமாக வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

இனி உங்கள் முகச் சிவப்புக்கு வருகிறேன். அது ரோசேஷியா என்னும், முகம் அடிக்கடி சிவந்து எரியும் தோல் நோயாக இருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளையருக்கு வரும் நோய் என்று எண்ணி நம் மாநிறத் தோலில் இதைத் தவறவிடுகிறார்கள்; நமக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாமல், எரிச்சலும் வெப்பமும் சிறு கொப்புளமும்தான் முன்னால் நிற்கும். ரோசேஷியாவில் முகத்தின் இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கின்றன. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசினும் சூடும் ஒரே உணர்வாங்கியைத்தான் தட்டுகின்றன. லவங்கப்பட்டையின் மணப்பொருள் அதன் இனத்தைச் சேர்ந்த வேறோர் உணர்வாங்கியைத் தட்டுகிறது. ஆகவே காரமான குழம்பைச் சாப்பிட்டதும் முகம் எரிந்தால் அது உங்கள் கற்பனையன்று.

காபியின் கதை வேறு. 1981இல் ஒரு சிறு ஆய்வில், ரோசேஷியா உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூட்டில் காபியும், அதே சூட்டில் வெறும் வெந்நீரும், ஆறிய காபியும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். சூடான காபியும் வெந்நீரும் முகத்தைச் சிவக்கச் செய்தன. ஆறிய காபி செய்யவில்லை. குற்றம் சூட்டினுடையது. 2018இல் 82,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காஃபீன் உள்ள காபி குடித்தவர்களுக்கு ரோசேஷியா வந்தது குறைவாகவே இருந்தது. இதைச் சொன்னதற்காகக் காபியைக் கூட்ட வேண்டாம். டபராவில் இரண்டு முறை கூடுதலாக ஆற்றி, வெதுவெதுப்பானதும் குடித்தால் போதும். நாக்குச் சுடச் சுடக் குடிக்கும் ரசத்துக்கும் இதே விதிதான்.

ஆனால் உணவைவிட இரண்டு பெரிய காரணங்கள் இந்த ஊரில் உண்டு. ஒன்று வெயில், ஏப்ரலில் தொடங்கும் அனல் காற்றில் குடையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் பேருந்துக்கு நிற்பது, எந்த மிளகாயையும்விட உங்கள் முகத்தைக் கெடுக்கும். மற்றொன்றைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: மங்குக்கோ நிறத்துக்கோ கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசிய கிரீம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018இல் இத்தகைய பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு ஆணையிட்ட பிறகும் அவை எளிதாகக் கிடைக்கின்றன. பூசும்வரை முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தியதும் சிவந்து எரிந்து பருவாகக் கிளம்பும். மறுபடி பூசத் தோன்றும். ரோசேஷியா என்று நினைத்து வருகிறவர்களில் கணிசமானவர்களின் நோய் இதுவாகவே இருக்கிறது. அவர்கள் காரத்தை எத்தனை மாதம் விட்டாலும் பயனில்லை.

கொழுந்தனாரின் சொரியாசிஸுக்குக் கோதுமையை விடலாமா என்பதற்கு, பரிசோதிக்காமல் விட வேண்டாம் என்பதே என் பதில். சொரியாசிஸில் உறுதியாகப் பலன் தரும் உணவு மாற்றம் ஒன்றே: எடை அதிகமிருந்தால் குறைப்பது. எடை குறைந்தவர்களுக்குத் தோலிலுள்ள தடித்த படைகள் குறைவதும், மருந்து நன்றாக வேலை செய்வதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. மதுப் பழக்கம் இருந்தால் அதை விட வேண்டும். நோயை அது கடுமையாக்கும், மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையோடு சேர்ந்தால் கல்லீரலையும் கெடுக்கும். கோதுமையை விடுவது, சீலியாக் நோய் இருப்பவர்களுக்கும் அதற்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படுகிறவர்களுக்கும் மட்டுமே பயன் தரலாம்.

சீலியாக் நோயை நம்மவர்கள் அறிந்துகொள்வது நல்லது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய் இது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்கு மேல் இது இருப்பதையும் தென்னிந்தியாவில் 1,000க்கு ஒருவருக்குத்தான் இருப்பதையும் காட்டியது. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கூறு இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆனால் வடக்கே ஆய்வுக்கு உட்பட்டோர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமையும் தெற்கே 25 கிராமும் உண்டார்கள். தலைமுறையாகத் தில்லியில் வாழ்ந்து சப்பாத்திக்கு மாறிய தமிழ்க் குடும்பங்களில், ஆறாத வயிற்றுப்போக்கோ மருந்துக்குக் கட்டுப்படாத இரத்தசோகையோ இருந்தால் இதை நினைவில் கொள்ள வேண்டும். முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்போடு கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வரும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ், இதே நோயின் தோல் முகம்; அதற்குக் கோதுமை உள்ளிட்ட குளூட்டன் உணவுகளை வாழ்நாள் முழுக்க விடுவதே அடிப்படைச் சிகிச்சை. உணவுக்கும் தோலுக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு வேறெந்த நோயிலும் அரிது. கோதுமையை நிறுத்திய பிறகு இரத்தப் பரிசோதனை செய்தால் எதிர்ப்பொருள் மறைந்து நோய் தெரியாமல் போய்விடும். ஆகவே பரிசோதனை முதலில், நிறுத்துவது பிறகு.

நீங்கள் கேட்காத இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீனும் தயிரும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பது தவறு. அது உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களை அழிப்பதால் வருவது, தொற்றாது, அதற்கு எந்த உணவு விலக்கும் தேவையில்லை. குழந்தைகளின் எக்ஸிமா என்னும் கரப்பானுக்குப் பால், முட்டை, கடலை எல்லாவற்றையும் ஊகத்தில் நிறுத்துவது வளர்ச்சியைக் கெடுப்பதோடு, ஒவ்வாமையையே உண்டாக்கவும் கூடும். 2015இல் இங்கிலாந்தில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே நிலக்கடலை உணவு கொடுத்ததால், பின்னாளில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

மகளுக்கு இப்போது செய்ய வேண்டியது, குளிர்பானத்தையும் பிஸ்கட்டையும் மைதாவையும் குறைத்து, முட்டையையும் கடலையையும் திருப்பிக் கொடுத்து, தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொண்டு, ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது. உணவு மாற்றத்தின் பலனை எடைபோட மூன்று மாதமாவது வேண்டும். ஆனால் குழி விழும் அளவுக்குப் பெரிய கட்டிகள் இருந்தால் அந்த மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், ஏனெனில் தழும்பை எந்த உணவும் அழிக்காது. மருத்துவர் டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால், அதைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது; ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோட்ரெடினாயின் என்னும் மருந்தைக் கொடுத்தால், கருவுற்ற பெண்கள் அதை உட்கொள்ளவே கூடாது என்பதையும் உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் அவர் விளக்குவார். வைட்டமின் ஏ மாத்திரையை உடன் சேர்க்காதீர்கள். ஐசோட்ரெடினாயின் கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் உடலில் சரியாக ஏறும். பருவுக்கென்று எண்ணெயையே ஒதுக்கிய சாப்பாட்டுக்குப் பின் அதை விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி வீணாகும். ஆகையால் அந்த நாட்களில் அவள் சாதத்துக்கு ஒரு கரண்டி நெய்யை மாமியாரின் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள்.